மாட்டுக்கும் கன்றுக்கும் சட்டம் தேடிய நாட்டிய ராணி

நான்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் அவருக்குப் பிறந்த நாள் வரும். ருக்மிணி தேவி பிறந்தது 1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி. பிறந்த ஊர் மதுரை.

ருக்மிணி தேவி என்றதும் எல்லோருக்கும் பரத நாட்டியம் நினைவுக்கு வரும். சென்னைக்குத் தெற்கே, திருவான்மியூரில் அவர் உண்டாக்கிய கலாக்ஷேத்திரம் நினைவுக்கு வரும். இன்னொரு காரியமும் அவர் செய்தார். அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாய் திறந்து கேட்கத் தெரியாத பிராணிகளுக்காக அவர் டில்லிக்குப் போய் வழக்காடினார். வண்டி மாடு, குதிரை, குரங்கு, நாய் எல்லாம் அந்த வழக்கில் உண்டு. பால் வற்றாமல் இருக்க வதைக்கப்பட்ட பசுவும் எருமையும் உண்டு. தாயின் மடி எதிரே இருந்தும் எட்டாமல், முளையில் கட்டுண்டு கத்திய கன்றும் அந்த வழக்கில் அடக்கம்.

நாம் தினமும் காபியில் ஊற்றிக் கொள்ளும் பாலோடு சம்பந்தப்பட்ட கதை இது.

அடையாறு வீடு

தகப்பனார் நீலகண்ட சாஸ்திரி மராமத்து இலாகாவில் என்ஜினீயர். தாயார் சேஷம்மாள். அவருக்குச் சங்கீதத்தில் பிரியம் அதிகம். நீலகண்ட சாஸ்திரி பிரம்மஞான சபையில் பற்றுக் கொண்டவர். அன்னி பெசன்ட் அம்மையாரை மதித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, சபையின் தலைமை இடம் இருக்கும் அடையாறில் வீடு கட்டிக் கொண்டார்.

அந்தக் காலத்து அடையாறு இன்றைய அடையாறு அல்ல. ஆற்றைத் தாண்டினால் தோப்பும் வயலும்தான். திருவான்மியூர் தனிக் கிராமம். பல்லாவரமும் தாம்பரமும் ரயில் நிற்கும் சிற்றூர்கள். வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. தெருவில் சாண வாசனை வீசியது. பால் வேண்டுமானால் சொம்பை எடுத்துக் கொண்டு தொழுவத்துக்குப் போவார்கள். அல்லது மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து, கண் எதிரே கறந்து கொடுப்பார்கள்.

பிரம்மஞான சபையில் ஜாதி வேற்றுமை இல்லை. நாட்டு வேற்றுமையும் இல்லை. மாமிசம் உண்ணாமை, ஜீவகாருண்யம் ஆகியவற்றைச் சபையினர் பலர் உறுதியாகக் கடைப்பிடித்தார்கள். அந்தக் காற்றில் வளர்ந்த பெண் ருக்மிணி.

ஊரே எதிர்த்த கல்யாணம்

சபையில் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர் இருந்தார். பெசன்ட் அம்மையாருக்கு வலக்கை போன்றவர். காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அவருக்கும் ருக்மிணிக்கும் 1920-ம் ஆண்டு பம்பாயில் கல்யாணம் நடந்தது. மணமகளுக்கு வயது 16. மணமகன் நாற்பதைத் தாண்டியவர். பிராமணப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்று சென்னை கொதித்தது. பத்திரிகைகளில் கண்டனங்கள் வந்தன. உறவினர் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெண் அசையவில்லை. எதிர்ப்பைக் கண்டு பின்வாங்காத குணம் அப்போதே தெரிந்தது. பிற்காலத்தில் அவருக்கு அது மிகவும் தேவைப்பட்டது.

கணவரோடு உலகம் சுற்றினார். 1928-ம் ஆண்டு ருஷ்ய நாட்டு நடன மாது அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பிரயாணம் செய்தார்கள். பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நார்டி என்பவரிடம் ருக்மிணி மேல் நாட்டு நடனம் கற்கத் தொடங்கினார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா யோசனை சொன்னதாகக் கூறுவார்கள்.

தேடினார். 1933-ம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் ஆட்டம் பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935-ம் ஆண்டு டிசம்பரில், அடையாறில் பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது மேடை ஏறினார். குடும்பப் பெண் சதிர் ஆடுவதா என்று மறுபடியும் புயல் கிளம்பியது. மறு மாதமே, 1936 ஜனவரியில், கலாக்ஷேத்திரத்துக்கு அஸ்திவாரம் போட்டு விட்டார்.

அவர் செய்ததை எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக ஆட்டத்தைக் காப்பாற்றிய குடும்பங்களிடமிருந்து கலை கைமாறி விட்டது என்ற மனத்தாங்கல் உண்டு. சிருங்காரத்தை அவர் அடக்கி விட்டதை, மாபெரும் கலைஞரான பாலசரஸ்வதி அம்மாள் ஏற்கவில்லை. அந்த விவாதம் தனிக் கதை. தமிழர் நன்றி சொல்ல வேண்டிய வேறு ஒரு காரியமும் அந்தக் காலத்தில் நடந்தது. உ. வே. சாமிநாத ஐயர் 1942-ம் ஆண்டு காலமானார். அவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏடுகள் சிதறிப் போகாமல், 1943-ம் ஆண்டு ஐயர் பெயரால் நூல் நிலையம் அமையக் காரணமாக இருந்தவர் ருக்மிணி தேவிதான்.

1945-ம் ஆண்டு அருண்டேல் இறந்தார். ருக்மிணி தேவிக்கு அப்போது வயது 41. கலாக்ஷேத்திரம் சபையின் இடத்தை விட்டுப் போக வேண்டிய நிலை வந்தது. திருவான்மியூர்க் கடற்கரை மணலில் சுமார் 100 ஏக்கர் நிலம் கிடைத்தது. பொட்டல் வெளி. மரங்களை நட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிபெயர்ந்தார்கள். 1962-ம் ஆண்டில் கலாக்ஷேத்திரம் புது இடத்துக்கு வந்து சேர்ந்தது.

திருவான்மியூர்க் கோயிலுக்கு ஒரு ஸ்தல புராணம் உண்டு. காமதேனு அங்கே சிவலிங்கத்தின் மேல் தானாகப் பால் சொரிந்தது என்பார்கள். அதனால் சுவாமிக்குப் பால்வண்ணநாதர் என்றும் பெயர். புராணத்துப் பசு தானாகச் சுரந்தது. பட்டணத்துப் பசுக்களின் கதை வேறாக இருந்தது.

பசு ஏன் பாலை அடக்குகிறது?

கிராமத்தில் மாடு கறந்தவர்களுக்கு இது தெரியும். நாட்டுப் பசுவின் மடியில் போய்க் கை வைத்தவுடன் பால் வந்து விடாது. முதலில் கன்றை அவிழ்த்து விட வேண்டும். கன்று ஓடி வந்து, தாயின் வயிற்றோரமாக நின்று கொள்ளும். கன்றின் தலை தாயின் பின்னங்கால் பக்கம் இருக்கும். கன்றின் வால் தாயின் முகத்துப் பக்கம் இருக்கும். வாலை ஆட்டிக் கொண்டே மடியை முட்டும். தாய் திரும்பி அதன் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்து, நக்கிக் கொடுக்கும். தன் கன்றுதான் என்று தெரிந்ததும் நிம்மதியாக நிற்கும். அடுத்த வீட்டுக் கன்று வந்தால் உதைக்கும். ஆகையால் திருட்டுப் பால் குடிக்க வரும் கன்று பக்கவாட்டில் நிற்காது; பின்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைக்கும். முகர்ந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டு விடும் அல்லவா!

கன்று முட்டிச் சப்பும்போது பசுவின் மூளைக்குச் செய்தி போகிறது. மூளையின் அடியில் உள்ள ஒரு சுரப்பி, 'ஆக்சிடோசின்' என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து, பால் பைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய தசைகளை அழுத்துகிறது. ஒரு நிமிஷம் போல ஆனதும் பால் காம்புக்கு இறங்குகிறது. சில நிமிஷங்களே அந்த வேகம் இருக்கும். பசு பயந்தாலோ, அடி வாங்கினாலோ, கன்றைக் காணாவிட்டாலோ இந்த ஏற்பாடு நின்று விடும். பால் மடியிலேயே இருக்கும், இறங்காது. மாடு பாலை அடக்குகிறது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். மேல்நாட்டுப் பசுக்கள் கன்று இல்லாமலே கறக்கும். தலைமுறை தலைமுறையாக அப்படிக் கறக்கக் கூடியவற்றையே பொறுக்கி வளர்த்ததன் பலன் அது. நம் நாட்டுப் பசுவும் எருமையும் கன்றைக் கேட்கும்.

குட்டிகளுக்குள் வரிசை

தாயிடம் பால் குடிப்பதில் பிராணிகளுக்குள் ஒரு முறை உண்டு. பன்றிக் குட்டிகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆடு மாடுகளோடு பன்றிகளும் வளர்க்கப்படுகின்றன. பன்றி ஒரே ஈற்றில் எட்டு, பத்துக் குட்டி போடும். பிறந்த சில நாளுக்குள், கூரிய பற்களால் கடித்துச் சண்டையிட்டு, எந்தக் காம்பு யாருக்கு என்று குட்டிகள் முடிவு செய்து விடும். பலமுள்ளவை முன்பக்கத்துக் காம்புகளைப் பிடிக்கும். பிறகு ஒவ்வொன்றும் தன் காம்புக்கே போகும். இடம் மாறாது. காரணம் உண்டு. தாய்ப் பன்றிக்குச் சுமார் ஒரு மணிக்கு ஒரு தடவைதான் பால் இறங்கும். அதுவும் 20 விநாடி போலத்தான். அப்போது சண்டை போட்டால் ஒருவருக்கும் பால் கிடைக்காது.

பசுவுக்கு ஒரு கன்று, காம்பு நான்கு. அங்கே சண்டைக்கு இடம் இல்லை. ஆனால் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரே பட்டியில் அடைத்து, பொதுவில் வாளியில் பால் வைத்தால் அங்கேயும் பெரியது சிறியது வந்து விடும். பெருத்த கன்று தலையால் தள்ளும். நோஞ்சான் கன்று ஒதுங்கி நிற்கும். சப்ப வேண்டிய மடி கிடைக்காத கன்று, பக்கத்துக் கன்றின் காதைச் சப்பும், தொப்புளைச் சப்பும். மாட்டுப் பண்ணைக்காரர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள்.

இந்த வரிசையெல்லாம் குட்டிகள் தாமே வகுத்துக் கொண்டவை. மனிதன் வகுத்த வரிசை வேறு. பட்டணத்துத் தொழுவத்தில் முதல் பங்கு வாடிக்கைக்காரருக்கு. இரண்டாவது பங்கு வீட்டுக்கு. கன்றுக்குக் கடைசி இடம். பிறந்த கன்றின் எடை 20 கிலோ, 25 கிலோ இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு பால் அதற்குத் தினமும் வேண்டும். அதாவது இரண்டு லிட்டருக்கு மேல். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பாலும் வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி தாயின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு வருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் வருகிறது. ஒரு நாள் கடந்து விட்டால் சீம்பால் குடித்தும் அவ்வளவு பயன் இல்லை.

இரண்டு லிட்டரை விற்றால் காசு. காளைக் கன்றாக இருந்தால், வளர்த்தும் பட்டணத்தில் என்ன லாபம்? கணக்குப் போட்டவர்கள் கன்றைப் பட்டினி போட்டார்கள். அது செத்தது. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, தாயின் முன்னால் நிறுத்திக் கறந்தார்கள். அந்த வைக்கோல் கன்றை நக்கிக் கொண்டே பசு பால் கொடுத்தது. சென்னையில் வயதானவர்கள் பலர் அந்தக் காட்சியைச் சிறு வயதில் கண்டிருப்பார்கள்.

பூக்கா

எல்லாப் பசுவும் வைக்கோலுக்கு ஏமாறவில்லை. அதற்கு இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். அதற்குப் பெயர் பூக்கா. பசுவின் பிறப்பு வாசலில் குழாயை வைத்துக் காற்றை ஊதுவார்கள். மாட்டின் வாலையே உள்ளே நுழைப்பதும் உண்டு. அதற்குத் தூம் தேவ் என்று பெயர். உள்ளே பாதை விரிந்ததும், கன்று பிறக்கும் நேரம் என்று பசுவின் உடம்பு எண்ணிக் கொள்ளும். அதே ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்கும். அடக்கி வைத்த பாலும் இறங்கி விடும்.

தினமும் இரண்டு வேளை இப்படிச் செய்தால் மாடு என்ன ஆகும்? உள்ளே புண்ணாகும். மறுபடி சினை பிடிக்காது. பால் வற்றியதும் அது கசாப்புக்குப் போகும். கல்கத்தாவில் இந்த வழக்கம் மிகவும் பரவியிருந்தது. பஞ்சாபிலிருந்து நல்ல கறவை எருமைகளை ரயிலில் ஏற்றிக் கொண்டு வந்து, ஒரே ஒரு ஈற்றில் பாலைப் பிழிந்து விட்டு, தாயையும் கன்றையும் தொலைத்தார்கள். நாட்டின் சிறந்த கறவை இனம் வருஷா வருஷம் பட்டணங்களில் அழிந்து கொண்டிருந்தது. ஜீவகாருண்யம் ஒரு பக்கம் இருக்கட்டும். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் அது நாட்டுக்குப் பெரும் நஷ்டம்.

காந்தி அடிகள் பசும்பாலை விட்டதற்கும் இதுதான் காரணங்களில் ஒன்று. தென் ஆப்பிரிக்காவில் இருந்தபோது பூக்காவைப் பற்றிப் படித்து மனம் வெதும்பி, 1912-ம் ஆண்டு பால் குடிப்பதை நிறுத்தினார். பிறகு கடும் நோயில் விழுந்தபோது, ஆட்டுப் பாலுக்கு மட்டும் இணங்கினார்.

வெள்ளைக்கார ஆட்சியில் சட்டம் இல்லாமல் இல்லை. 1890-ம் ஆண்டுச் சட்டத்திலேயே பூக்காவுக்குத் தண்டனை எழுதியிருந்தது. ஏட்டில் இருந்ததே தவிர, தொழுவத்துக்குள் எட்டவில்லை. அதிகாலை இருட்டில், நான்கு சுவருக்குள் நடப்பதை யார் பார்ப்பது? பிராணிகளின் நலனைக் கவனிப்பதே தன் வேலை என்று சொல்லத் தேசம் முழுவதற்கும் ஒரு ஸ்தாபனம் கிடையாது.

ராஜ்ய சபையில்

1952-ம் ஆண்டு ராஜ்ய சபை முதன் முதலாகக் கூடியது. கலை, இலக்கியம், விஞ்ஞானம் ஆகியவற்றில் சிறந்த 12 பேரை ராஷ்டிரபதி நியமனம் செய்தார். விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸ், கல்வியாளர் ஜாகீர் உசேன், நடிகர் பிருதிவிராஜ் கபூர், சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பட்டியலில் ஒரே பெண் ருக்மிணி தேவி.

நாட்டியத்துக்கு மான்யம் கேட்பார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கொண்டு போனது பிராணிகள் வதைத் தடுப்பு மசோதா. 1953-ம் ஆண்டு அதை ராஜ்ய சபையில் கொடுத்தார். அவர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர் அல்ல. தனி அங்கத்தினர் கொண்டு வரும் மசோதா சட்டமாவது குதிரைக் கொம்பு. அது அவருக்குத் தெரியாததல்ல.

அந்த வருஷத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ என்ற ரசாயன நிபுணர், ஆக்சிடோசினைச் சோதனைச் சாலையில் செய்து காட்டியதும் 1953-ம் ஆண்டுதான். 1955-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு ஒரு நாள் நம் ஊர்த் தொழுவத்துக்குள் ஊசி வடிவில் நுழையும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ருக்மிணி தேவியின் மசோதா சபையில் விவாதத்துக்கு வந்தது. சபையில் அவருக்கு அனுதாபம் இருந்தது. தயக்கமும் இருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பிராணிகளைப் பயன்படுத்துவது என்ன ஆகும், கோயில் பலி என்ன ஆகும், ஏழை வண்டிக்காரன் பிழைப்பு என்ன ஆகும் என்பன போன்ற கேள்விகள் அதில் அடங்கியிருந்தன. பிரதம மந்திரி நேரு மசோதாவின் நோக்கத்தைப் பாராட்டினார். சர்க்காரே ஒரு கமிட்டி வைத்து ஆராய்ந்து, முழுமையான சட்டம் கொண்டு வரும் என்று உறுதி கொடுத்தார். அம்மையார் மசோதாவை வாபஸ் வாங்கிக் கொண்டார்.

உறுதிமொழியோடு அடங்கிப் போன மசோதாக்கள் எத்தனையோ! அப்படி இதுவும் அடங்கிப் போயிருக்கலாம். அவர் விடவில்லை. 1956-ம் ஆண்டு அவரை மறுபடியும் நியமித்தார்கள். அதே வருஷம் பத்மபூஷண் பட்டமும் வந்தது. கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேறிக் கொண்டிருந்தன. அதற்கிடையே டில்லிக்கும் சென்னைக்கும் அலைந்தார். 1960-ம் ஆண்டு சர்க்கார் மசோதா நிறைவேறி, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமாக ஆயிற்று. அவர் முதலில் மசோதா கொடுத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

சட்டத்தில் என்ன இருந்தது?

பிராணியை வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று சட்டம் சொன்னது. பூக்காவுக்கும் தூம் தேவுக்கும் 12-வது பிரிவு. செய்தவருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மாடும் சர்க்காருக்குப் பறிமுதல். 1960-ல் 1,000 ரூபாய் சாமானியத் தொகை அல்ல. மாடு போய் விடும் என்ற பயம் அதைவிடப் பெரியது.

கன்றுக்கு என்ன? சொந்தக்காரர் போதிய தீனியும் தண்ணீரும் இடமும் கொடுக்கா விட்டால் குற்றம் என்று 11-வது பிரிவு சொல்கிறது. பட்டினி போடப்பட்ட கன்று அதில் அடங்கும். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் கிடையாது. தாயை வதைத்தால் ஆயிரம். கன்றைப் பட்டினி போட்டால் ஐம்பது. சட்டப் புத்தகத்திலும் கன்றுக்குக் கடைசிப் பந்திதான் கிடைத்தது.

அம்மையார் விரும்பியதெல்லாம் சட்டத்தில் வரவில்லை. மத சம்பந்தமாகப் பிராணியைக் கொல்வதற்கு விலக்கு இருந்தது. உணவுக்காகக் கொல்வதற்கும், அவசியம் இல்லாத வேதனை தராத வரை, தடை இல்லை. ஆராய்ச்சிச் சாலைகளில் பிராணிகளை உபயோகிக்கலாம். மேற்பார்வைக்கு ஒரு கமிட்டி அமைக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தது. ஆனாலும் ஒரு பெரிய காரியம் நடந்தது. தேசம் முழுவதற்கும் பிராணிகள் நல வாரியம் ஒன்று அமைக்க வழி பிறந்தது. 1962-ம் ஆண்டு வாரியம் அமைந்தது. தலைமை அலுவலகம் சென்னையில். முதல் தலைவர் ருக்மிணி தேவி.

நாட்டுக்கே பொதுவான ஒரு வாரியம், டில்லியில் இல்லாமல் சென்னையில் அமைந்தது அபூர்வம். பிற்காலத்தில் அதன் அலுவலகம் திருவான்மியூர் வால்மீகி நகரில், கலாக்ஷேத்திரத்துக்கு வெகு அருகிலேயே இருந்தது. வடநாட்டிலிருந்து மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் யானைக்கும் வந்த புகார்களெல்லாம் அந்தக் கடற்கரைத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

குழாய் போய் ஊசி வந்தது

சட்டம் வந்ததும் பூக்கா ஒரே நாளில் ஒழிந்து விடவில்லை. காலப்போக்கில் குறைந்தது. அதன் இடத்தில் ஊசி வந்தது. கன்றும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஆக்சிடோசின் மருந்தை ஊசியால் ஏற்றினால் பால் இறங்கி விடும். பிரசவத்தில் தாய்மாருக்கு ரத்தப் போக்கை நிறுத்தி உயிர் காக்கும் அருமையான மருந்து அது. அது தொழுவத்தில் கள்ளத்தனமாக விலை போயிற்று.

1982-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். பால் பெருக வேண்டி, மாட்டின் உடல் நலத்துக்குக் கேடு செய்யும் ஊசி போடுவதும் குற்றம் என்று 12-வது பிரிவில் சேர்த்தார்கள். அப்போது ருக்மிணி தேவிக்கு 78 வயது. வாரியத்தில்தான் இருந்தார். 30 வருஷத்துக்கு முன் தொடங்கிய வழக்கில் இன்னொரு வரி சேர்ந்ததைக் காண அவர் உயிரோடு இருந்தார்.

அந்த ஊசியோடு போராட்டம் அதற்குப் பிறகும் நீண்டது. 2018-ம் ஆண்டு, தனியார் கம்பெனிகள் ஆக்சிடோசின் தயாரித்து உள்நாட்டில் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. பிரசவத்துக்கு மருந்து கிடைக்காமல் தாய்மார்கள் தவிக்க நேரும் என்று டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் டில்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. மாட்டைக் காப்பதற்கும் மனிதத் தாயைக் காப்பதற்கும் நடுவே அந்தச் சிறு மருந்துப் புட்டி நின்றது. லேசில் தீர்ப்புச் சொல்லக் கூடிய விஷயம் அல்ல.

ராஷ்டிரபதி பதவி வேண்டாம்

மற்றப் பிராணிகளையும் அம்மையார் மறக்கவில்லை. ஆராய்ச்சிக்காக நம் நாட்டுக் குரங்குகளைக் கூண்டில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பி வந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி வெகு காலம் குரல் கொடுத்தார். மொரார்ஜி தேசாய் பிரதம மந்திரியாக இருந்தபோது, 1978-ம் ஆண்டு முதல் அந்த ஏற்றுமதி நின்றது.

அந்த மொரார்ஜிதான் 1977-ம் ஆண்டு, ராஷ்டிரபதி பதவிக்கு நிற்க முடியுமா என்று ருக்மிணி தேவியைக் கேட்டார். அம்மையார் சம்மதித்திருந்தால் இந்தியாவின் முதல் பெண் ராஷ்டிரபதியாகத் தமிழ்ப் பெண் ஒருவர் வந்திருக்கக் கூடும். அவர் மறுத்து விட்டார். திருவான்மியூர் மணலில், மரத்தடியில் பாடம் சொல்லிக் கொடுப்பது அவருக்குப் போதும் போல் இருந்தது.

வெள்ளைப் பருத்தி உடை, பட்டாடை என்று அலங்காரம் பேசும் கலை உலகில் இருந்தவர், மாட்டுத் தொழுவத்துச் சேற்றைப் பற்றிப் பார்லிமெண்டில் பேசினார் என்பது சிலருக்கு முரணாகத் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் ராமாயணத்தைக் காட்டும்போது அணிலும் ஜடாயுவும் குரங்கும் கதையில் பாத்திரங்கள். அவற்றை மேடையில் கும்பிட்டு விட்டு, தெருவில் அடிப்பது எப்படிப் பொருந்தும்?

1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். வயது 81. அந்த வருஷம் பிப்ரவரிக்கு 28 நாட்கள்தான். பிறந்த நாள் இல்லாத வருஷம். 1993-ம் ஆண்டு பார்லிமெண்ட் சட்டம் செய்து, கலாக்ஷேத்திரத்தை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம் ஆக்கியது. பிராணிகள் நல வாரியத்தின் தலைமை அலுவலகம் 2018-ம் ஆண்டில் திருவான்மியூரை விட்டு, அரியானாவில் உள்ள பல்லப்கருக்குப் போய் விட்டது.

தாம்பரம், மேடவாக்கம், வண்டலூர்ப் பக்கங்களில் இன்றும் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கலப்பினப் பசுக்கள் பல, கன்று இல்லாமலே கறக்கின்றன. நாட்டுப் பசு வைத்திருப்பவர்கள் கன்றை அவிழ்த்து விட்டு, நாலு வாய் ஊட்ட விட்டு, தாயின் முன்னங்காலோடு கட்டிக் கறக்கிறார்கள். நல்ல பால்காரர் நான்கு காம்பையும் ஒட்டக் கறப்பதில்லை. கடைசியில் ஒரு காம்பை விட்டு விட்டு, கன்றின் கயிற்றை அவிழ்க்கிறார்.